சாவுக் கணக்கும் சான்றும்: கொள்ளைநோயும் சென்னை மாநகரும்

ஹிஜ்ரி 833-ஆம் ஆண்டில் (கி.பி. 1430) கெய்ரோ மாநகரைக் கொள்ளைநோய் பற்றியது. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, ஜமாதுல் அவ்வல் நான்காம் நாள் நகர்ப்புறத்துப் பாலைவெளியில் திரண்டு துஆச் செய்தனர். அந்நகரில் வாழ்ந்த ஹதீஸ் கலைப் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் அதற்கு முன்பும் பின்பும் நேர்ந்த மரணங்களைக் குறித்து வைத்தார்கள். அதுவரை நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த சாவு, அம்மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிற்று. பெண்மக்கள் இருவரை ஹி. 819-லும் மற்றொருவரை ஹி. 833-லும் இந்நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தையின் கணக்கு இது. கொள்ளைநோய் பற்றி அவர்கள் யாத்த ‘பத்லுல் மாஊன்’ என்னும் நூலில் இது இடம்பெற்றுள்ளது.

இதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன், ஹி. 749-ல் (கி.பி. 1348), டமாஸ்கஸ் மக்களும் இவ்வாறே நோன்பிருந்து திரண்டனர். முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்திச் சென்ற அக்காட்சியை நேரில் கண்ட இப்னு பதூதா, அதன் பின் இறைவன் துன்பத்தைத் தணித்தான் என்று பதிந்தார். இப்னு ஹஜரோ, அங்கும் கூடலுக்குப் பின்னரே சாவு பெருகியது என்பதை முன்னோர் வழியாக எடுத்துக்காட்டுகிறார்கள். நிகழ்ச்சி ஒன்று, தீர்ப்போ இரண்டு. பயணி ஒரு நகரத்தின் எண்ணை இன்னொரு நகரத்தின் எண்ணோடு ஒப்பிட்டார். அறிஞர் ஒரே நகரத்தின் முன்னையும் பின்னையும் ஒப்பிட்டார்கள்.

இப்னு ஹஜர் அவர்கள் தொற்றுக் கொள்கையை ஏற்றவர் அல்லர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. எனினும், ஒரு செயல் பயன் தந்ததா என்பதை விருப்பத்தால் அன்றி எண்ணிக்கையால் சோதிக்க முற்பட்டது அவர்களது பெருமை. அச்சோதனையிலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. ஏறுமுகத்தில் இருந்த நோய், மக்கள் கூடாதிருந்தாலும் ஏறியிருக்குமன்றோ? கொள்ளைநோய்க்கால நடவடிக்கைகளை மதிப்பிடும் எவரும் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் சென்னை கண்டவற்றை இந்த ஒளியில் நோக்குவது நம் கடமை.

தேடிய இடமும் கிடைத்த எண்ணும்

தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7-ஆம் நாள் கண்டறியப்பட்டார். மார்ச் 24 மாலையில் மாநிலத்திலும் மறுநாள் நாடெங்கிலும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 2-ஆம் நாள் அரசு அறிவித்த 309 நோயாளிகளில் 264 பேர் டெல்லி நிஜாமுத்தீன் தப்லீக் கூட்டத்தோடு தொடர்புடையோர். இந்த எண் நாள்தோறும் தனியே வெளியிடப்பட்டது. விளைவு யாவரும் அறிந்ததே. நோய்க்கு மதச்சாயம் பூசலாகாது என அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேண்டுகோள் விடுக்கும் நிலை ஏற்பட்டது.

எண் பொய்யன்று. ஆனால் அது எதன் எண்? அந்நாட்களில் பரிசோதனை வசதி மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து திரும்பியோர், நோயாளியோடு தொடர்புடையோர், கடும் மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்ந்தோர் ஆகியோருக்கே முதன்மையாகச் சோதனை நடந்தது. டெல்லி சென்று வந்தோர் பட்டியலிடப்பட்டுத் தேடப்பட்டனர். பலர் தாமே முன்வந்தனர். தேடிய இடத்தில் கிடைத்ததைக் கொண்டு, தேடாத இடத்தில் இல்லை என முடிவு கட்டியது பிழை. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள், தப்லீக் கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்தது. அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது.

தேடாத இடம் எதுவெனக் கோயம்பேடு காட்டிற்று. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என அறிவிப்பு வந்தவுடன், 25-ஆம் நாள் மக்கள் காய்கறி வாங்க அலைமோதினர். மே 5-ஆம் நாள் அங்காடி மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாறுவதற்குள் தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவிவிட்டது. கூட்டத்தைத் தடுக்க வந்த ஆணையே ஒரு நாள் பெருங்கூட்டத்தை உண்டாக்கிற்று. அக்குற்றத்தை வணிகர் மீதோ சுமைதூக்குவோர் மீதோ சுமத்துவது எவ்வளவு அநீதியோ, அவ்வளவு அநீதியே முன்னதும்.

எல்லைக்குள் வெற்றி, எல்லைக்கு அப்பால்?

ஜூன் 19-ஆம் நாள் சென்னையில் மீண்டும் கடும் ஊரடங்கு வந்தது. ஜூலை 5 வரை நீடித்தது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும் ஆளரவமின்றிக் கிடந்தன. மயிலாப்பூர் மாடவீதிகள் வெறிச்சோடின. ஜூன் 30-ல் 2,393 ஆக இருந்த சென்னையின் ஒருநாள் தொற்று, ஜூலை நடுவில் 1,300-ஐ ஒட்டி இறங்கிற்று. ஊரடங்கின் வெற்றி இதுவெனப் பலர் கொண்டனர்.

அத்தீர்ப்புக்கு முன் இரண்டைக் கருத வேண்டும். முதலாவது, ஊரடங்கு அறிவிப்புக்கும் அது தொடங்கியதற்கும் இடைப்பட்ட நாட்களில் மக்கள் திரள்திரளாகச் சென்னையை விட்டகன்றனர். செங்கற்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் நீண்டு நின்றன. அடுத்த வாரங்களில் மதுரை முதலிய மாவட்டங்களில் தொற்று ஏறியது. அந்த ஏற்றம் முழுவதும் சென்னையிலிருந்து சென்றது என்று நாம் கூறவில்லை. நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டா, அங்கிருப்போர் தப்பியோடவும் வேண்டா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அதன் பிற்பகுதி பிற ஊர்களைக் காப்பது. ஆகவே, ஒரு நகரின் எல்லைக்குள் மட்டும் அளந்த வெற்றி முழுக்கணக்கு ஆகாது.

இரண்டாவது, அந்த ஜூலையில் மாநகரின் 51 வார்டுகளில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய குருதி ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முன்னரே தொற்றுக்கு ஆளானமை புலனாயிற்று. அக்டோபரில் அது மூன்றில் ஒருவராயிற்று. ஜூலை நடுவில் பதிவான நோயாளிகளோ எண்பதாயிரத்தை ஒட்டியே இருந்தனர். அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரில் ஐந்தில் ஒருவர் என்றால், அது பத்து இலட்சத்தையும் தாண்டும். நாள்தோறும் நாம் படித்த எண், நிகழ்ந்ததில் ஒரு சிறு பகுதியே. ஊரடங்கு, முகக்கவசம், வீடுதோறும் காய்ச்சல் கணக்கெடுப்பு, காய்ச்சல் முகாம்கள், பலர் முன்னரே தொற்றுற்றமை ஆகிய அனைத்தும் ஒரே காலத்தில் செயற்பட்டன. இவற்றுள் எது எவ்வளவு தணித்தது எனப் பிரித்துக் கூற அந்த ஒரு சரிவு போதாது.

யாருக்குப் பயன்?

மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில் அடங்கும். தியாகராய நகரின் பெரும்பகுதி கோடம்பாக்கத்தில் அடங்கும். அடையாறு தனி மண்டலம். மண்டலக் கணக்கில் எல்லாத் தெருவும் ஒன்றே. ஆனால் அடையாற்றில் பல அறைகள் கொண்ட இல்லத்தில் ஒருவர் தனித்திருப்பதும், நொச்சிக்குப்பத்தில் ஓரறை வீட்டில் ஐவர் தனித்திருப்பதும் ஒன்றாகுமா? தனிமைப்படுத்தல் என்னும் ஒரே ஆணை, முன்னவருக்குக் காப்பு. பின்னவருக்கு நோயாளியோடு ஒருங்கே அடைபடுதல்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. 2020 ரமழானில் நோன்புக் கஞ்சிக்கென 2,895 பள்ளிவாசல்களுக்கு அரசு ஒதுக்கிய 5,450 டன் அரிசி, பள்ளிவாசலில் காய்ச்சப்படாமல் தன்னார்வலர் வழியே வீடுகளுக்குச் சென்றது. பெருநாள் தொழுகையும் வீடுகளிலேயே நிகழ்ந்தது. கூடலைத் தவிர்க்கக் கூறிய ஆணையோடு, அதனால் ஏழைக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் வழியும் இங்கு இணைந்தது. ஒரு நடவடிக்கையின் பயனை அளக்கையில் அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் அளத்தல் வேண்டும்.

மறையாத கணக்கு

நோய் எண்ணிக்கை சோதனையைப் பொறுத்து மாறும். சாவு எளிதில் மறையாது. எனினும் அதையும் எண்ணாது விட இயலும். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அரசின் பட்டியலுக்கும் இடையே வேறுபாடு வெளிப்பட்டதால் குழு அமைக்கப்பட்டு, 2020 ஜூலை 22-ஆம் நாள் விடுபட்ட 444 மரணங்கள் சேர்க்கப்பட்டன. பிழையை ஒப்புக்கொண்டமை பாராட்டுக்குரியது. ஆனால் குறைபாடு அத்தோடு தீரவில்லை. மாநகரின் இறப்புப் பதிவுகள் அனைத்தையும் ஆராய்ந்து 2022-ல் ‘லான்செட்’ குழும இதழொன்று வெளியிட்ட ஆய்வு, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கத்துக்கு மேற்பட்டு ஏறத்தாழ 26,000 பேர் சென்னையில் மாண்டதாக மதிப்பிட்டது. அரசுக் கணக்கில் அக்காலத்துக் கொரோனா மரணங்கள் எட்டாயிரத்தை ஒட்டியவை. இறப்பின் உயர்வு வறிய பகுதிகளில் கூடுதலாக இருந்தது என்பதும் அவ்வாய்வின் முடிவு.

இவ்வாய்வுக்கு அடிப்படையானது எவரோ ஓர் எழுத்தர் நாள்தோறும் எழுதிய பதிவேடே. மஹல்லா ஜமாஅத்துகளின் கப்ருஸ்தான்களிலும் அடக்கப் பதிவேடுகள் உள்ளன. அடக்கம் செய்ய உறவினரும் அஞ்சிய நாட்களில், சமயம் பாராது ஜனாஸாக்களைச் சுமந்த நம் இளைஞர்களின் குறிப்புகளும் உள்ளன. அவை கரையானுக்கு இரையாகுமுன் தொகுக்கப்பட வேண்டும். கொள்ளைநோயில் மடிவோர் ஷஹீதுகள் என்பது நபிமொழி. ஷஹீத் என்ற சொல்லின் வேர் ‘சாட்சி’ என்னும் பொருள் தருவது. அச்சாட்சிகளின் பெயரும் நாளும் எழுதப்படாத வரை, எந்த ஆணை உயிர் காத்தது, எது காக்கவில்லை என்று தீர்ப்பு வழங்க நமக்குத் தகுதியில்லை. கெய்ரோவில் ஒரு தந்தை தம் துயரத்தினூடே அதைச் செய்தார்கள்; நம்மால் இயலாதது அன்று.