பூட்டிய வங்கியும் பலூன் கொட்டகையும்

ஜூபிலி மலரில் ஆலய வரலாறும் ஆன்றோர் வாழ்த்தும் இடம் பெறுவது முறை. அவற்றோடு நம் ஊரின் உழைப்பு வரலாற்றிலும் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது நலமென எண்ணுகிறோம். ஆலைச் சங்கொலி கேட்டு விடிந்த குடும்பங்கள் நம் பங்கில் எத்தனையோ! அத்தகைய ஆலைகளுள் ஒன்றான எம்.ஆர்.எப். டயர்த் தொழிற்சாலையின் கதை, ஒரு வங்கி முறிந்த கதையிலிருந்து தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திருவல்லா என்னும் சிற்றூரில், 1912-ல் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை திருவிதாங்கூர் நேஷனல் வங்கியைத் தொடங்கினார். இவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் தோமையாரின் மரபில் வந்த சிரியன் கிறிஸ்தவர். 1937-ல் அவ்வங்கி, சி. பி. மாத்தனின் கொல்லம் வங்கியோடு இணைந்து பெரிய வங்கியாயிற்று.

மறு ஆண்டே இடி விழுந்தது. வங்கியைப் பற்றி ஐயுறவு பரவ, பணம் போட்டவர்கள் வாசலில் திரண்டனர். எந்த வங்கியும் மக்கள் போட்ட பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லாரும் ஒரே நாளில் கை நீட்டினால் நல்ல வங்கியும் தள்ளாடும். 1938 ஜூன் மாதம் வங்கி கதவடைத்தது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி அது கலைக்கப்பட்டது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைமையே காரணம் என்றனர் வங்கித் தரப்பினர். வங்கியின் நிதிநிலையே சரியில்லை என்றது சமஸ்தானத் தரப்பு. மாப்பிள்ளையும் மாத்தனும் சிறை சென்றனர். மாப்பிள்ளை குடும்பத்தாரின் 'மலையாள மனோரமா' அச்சகமும் அவ்வாண்டே பூட்டப்பட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த ஏழை எளியவரின் கண்ணீருக்கோ கணக்கில்லை.

செல்வம் இழந்த அக்குடும்பத்தின் இளம் மகன் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1946-ல் நம் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அவரே பையில் சுமந்து கடைகடையாய் விற்றார். 1952-ல் டயர்களுக்கு மேற்பூச்சிடும் ரப்பர், 1961-ல் டயர் என அந்தக் கொட்டகை வளர்ந்தது. வீழ்ந்த வீட்டுப் பிள்ளை எழுந்தார். அவரோடு நம் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

ஆனால் வங்கியில் பணம் போட்டு இழந்த எல்லாருக்கும் அப்படி ஒரு விடியல் வாய்க்கவில்லை. 1960-ல் கேரளத்தின் பாலா நகரில், கத்தோலிக்க மக்கள் பெரிதும் நம்பிய பாலா சென்ட்ரல் வங்கியும் மூடப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே நாட்டில் வைப்புத்தொகைக் காப்புறுதி வந்தது. 1962-ல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை என்றிருந்த காப்பு, 2020-ல் 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. நாம் இன்று வங்கியில் போடும் பணத்துக்குள்ள இந்தப் பாதுகாப்பு, முன்னவர்கள் சிந்திய கண்ணீரின் விலை.

இக்காப்பு வங்கிகளுக்கு மட்டுமே உண்டு. அதிக வட்டி என ஆசை காட்டும் கம்பெனிகளுக்கும், தெருமுனைச் சீட்டுகளுக்கும் இல்லை. மகளின் திருமணத்துக்கென்றும் மகனின் படிப்புக்கென்றும் சேர்த்த காசை, விசாரியாமல் யார் கையிலும் கொடுத்துவிடலாகாது.

மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையைச் சிறு வயதிலேயே கேட்டவர்கள் நாம். பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், அது பங்குச் சபையின் உண்டியலாயினும் அன்பியத்தின் சிறு நிதியாயினும், கணக்கை ஒளிவின்றி வைப்பார்களாக. நம்பி ஒப்படைக்கப்பட்ட காசு ஒரு புனிதப் பொறுப்பு. இந்த ஜூபிலி ஆண்டில் அப்பொறுப்பை நாம் அனைவரும் புதுப்பித்துக்கொள்ள இறைவன் அருள்வாராக!