வழமையும் எல்லையும்: திருகோணமலைக் காணியுரிமை பற்றிய ஒரு குறிப்பு

தேசவழமை ஈழத்துத் தமிழர் யாவருக்கும் பொதுவான தொல்சட்டம் என்ற எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. திருகோணமலை, மட்டக்களப்புத் தமிழரை அது கட்டுப்படுத்தாது என 1870களில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொன்னம்பலம் இராமநாதன் தொகுத்த தீர்ப்பறிக்கைகளில் இடம்பெறும் இவ்வழக்கு, சட்டத்துறைக்கு வெளியிலும் நோக்கப்படவேண்டியது.

வழக்கு நடைமுறை வெறும் சம்பிரதாயமன்று. எவ்வழமை யாருக்குச் செல்லும், அதனை யார் நிறுவவேண்டும் என்பன தீர்மானிக்கப்பட்டதும் வழக்கிற் பாதி முடிந்துவிடுகிறது. 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் வடித்து, பன்னிரு முதலிமார் சரிபார்த்த தொகுப்பையே, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ குடிகளுக்குரிய சட்டமாக ஏற்றது. (‘மலபார்’ என்பது தமிழருக்கு அக்கால ஆட்சியாளர் இட்ட பெயர்.) அம்முதலிமார் எவ்வர்க்கத்தின் குரலாக நின்றனர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை; அடிமைகளுக்கும் அத்தொகுப்பு விதி வகுத்திருந்தமையே போதிய சான்று. ஆகவே திருகோணமலையார் அதன் எல்லைக்கு வெளியே நின்றமையை மக்கள் மரபொன்றின் இழப்பாகக் கொண்டு நாம் புலம்பவேண்டியதில்லை.

ஆயினும் அவ்விடத்தை நிரப்பியது யாது? உரோம-ஒல்லாந்தச் சட்டமும், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாகவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு வடக்கே செல்லுபடியாக, கொட்டியாரக்குடாவின் கரையில் அதே மொழியும் உறவுமுறையும் உடையோரின் காணி வேறு விதிப்படி பங்கிடப்படலாயிற்று. 1913இல் நீதிமன்றம் இதனை மேலும் தெளிவாக்கிற்று: தேசவழமை ஓர் இனத்தின் வழமையன்று, ஒரு பிரதேசத்தின் வழமை.

இவற்றுக்கெல்லாம் முந்திய வேறொரு விதியே எமக்கு முக்கியமாகப் படுகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காடும் தரிசும் பயிரிடப்படாத காணியும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. நிறுவும் பொறுப்பு குடியானவன் தலையில் விழுந்தது. பல்லாண்டு இடைவெளி விட்டுச் சேனைப்பயிர் செய்தவனிடம் உறுதி ஏது? உடைமையாளர் தம்முள் எவ்வழமை செல்லுமென வாதாடினர். அவனுக்கோ வாதாடவே ஒரு பத்திரம் தேவைப்பட்டது. சீனன்குடாவின் காணி வரலாற்றை எழுதப்புகுவோர், இருபதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் அங்கு நிறுவிய எண்ணெய்க் குதங்களிலிருந்தன்றி, இந்த விதியிலிருந்தே தொடங்கவேண்டும்.