ரெட் நோயின் மூலத்தைக் கண்டறிந்த மருத்துவ விஞ்ஞானி டாக்டர் ஹுதா ஸோக்பி

ஒரு வயது வரை எந்தக் குறையுமின்றி வளர்ந்த பெண் குழந்தை. தவழ்ந்து, எழுந்து நின்று, "உம்மா", "வாப்பா" என்று அழைக்கவும் தொடங்கிவிட்டது. பிறகு சில மாதங்களில், பேசிய சொற்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பொம்மையைப் பிடித்த கைகள் பிடிப்பதை விட்டுவிடுகின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் கை கழுவுவதைப் போல இரு கைகளையும் பிசைந்துகொண்டே இருக்கிறது. நடை தடுமாறுகிறது. பலருக்கு வலிப்பும் மூச்சுத் தடுமாற்றமும் சேர்ந்துகொள்கின்றன.

இதுதான் ரெட் நோய். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. இந்த இனம், இந்த நாடு என்ற வேறுபாடு இதற்கு இல்லை. ஆஸ்திரிய மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966-ஆம் ஆண்டு இதை முதன்முதலில் விவரித்தார். ஆனால் நோய்க்கான காரணம் 1999 வரை யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டறிந்தது லெபனானில் பிறந்த டாக்டர் ஹுதா ஸோக்பியின் ஆய்வுக்கூடம்.

பெய்ரூட்டிலிருந்து ஹூஸ்டனுக்கு

ஹுதா 1954-ஆம் ஆண்டு பெய்ரூட்டில் பிறந்தார். இளமையில் அவருக்கு இலக்கியத்தில்தான் ஆர்வம். தாயாரின் வற்புறுத்தலால் அறிவியல் பக்கம் திரும்பி, பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். அவர் சேர்ந்த 1975-ஆம் ஆண்டில்தான் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. முதலாண்டுப் படிப்பு குண்டுச் சத்தத்துக்கு நடுவே நடந்தது. பிறகு பெற்றோர் அவரை அமெரிக்காவிலிருந்த உறவினரிடம் அனுப்பி வைத்தனர். போர் ஓயவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. டென்னசி மாநிலத்தில் உள்ள மெஹாரி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, 1979-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் ஹூஸ்டன் நகரின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவமும் நரம்பியலும் பயின்றார். அவருடைய ஆய்வுப் பணி முழுவதும் அந்த நகரில்தான் நடந்தது.

மறக்க முடியாத நோயாளி

1983-இல் ஸ்வீடன் மருத்துவர் பெங்ட் ஹாக்பெர்க்கும் அவரது சகாக்களும் ரெட் நோய் கண்ட 35 சிறுமிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதே காலத்தில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹுதாவிடம் ஒரு சிறுமி வந்தாள். நன்றாக வளர்ந்து, பின் பேச்சை இழந்து, கைகளைப் பிசைந்துகொண்டிருந்த குழந்தை. சில நாட்களிலேயே அதே அடையாளங்களுடன் இன்னொரு சிறுமியையும் பார்த்தார். மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் தேடியபோது, மூளை வாதம் என்று தவறாக எழுதப்பட்டிருந்த வேறு சில சிறுமிகளும் கிடைத்தனர்.

அறிகுறிகள் எல்லாருக்கும் ஒரே வரிசையில் வருவதைக் கண்ட அவர், இது தற்செயல் அல்ல, பின்னால் ஒரே ஒரு மரபணுதான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். ஆனால் அன்றைய முறைகளின்படி, நோய்க்கான மரபணுவைத் தேட ஒரே குடும்பத்தில் பல நோயாளிகள் வேண்டும். ரெட் நோயோ பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே வருகிறது. இதைத் தேடுவது வீண் முயற்சி என்று பலர் அறிவுரை கூறினர். அவருடைய வழிகாட்டி ஆர்தர் பியூடெட், தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு நோயை முதலில் எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்.

முதல் வெற்றி

அப்படி அவர் எடுத்துக்கொண்டது தண்டுவட-சிறுமூளைத் தள்ளாட்ட நோயின் முதல் வகை. நடுவயதில் நடை தள்ளாடத் தொடங்கி, பேச்சும் விழுங்குவதும் கெட்டு, மரணத்தில் முடியும் நோய் இது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஓர் என்பவருடன் இணைந்து 1993-இல் இதன் மரபணுவைக் கண்டறிந்தார்.

அந்த மரபணுவில் ஒரு மூன்றெழுத்துக் குறியீடு அடுத்தடுத்து வருகிறது. நலமாக இருப்பவரிடம் அது 30 முறை அளவில் இருக்கும். நோயாளியிடம் 40, 50 என்றும் அதற்கு மேலும் நீண்டுவிடும். எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு இளம் வயதில் நோய் தொடங்கும். நீண்ட குறியீட்டிலிருந்து உருவாகும் புரதம் சரியாக மடங்காமல், அகற்றப்படாமல் நரம்பு செல்லில் தேங்கி அதைக் கெடுக்கிறது.

16 ஆண்டுத் தேடல்

இத்தனைக்கும் நடுவில் ரெட் நோயை அவர் கைவிடவில்லை. மிக அரிதாக ஒரே குடும்பத்தில் இருவருக்கு நோய் வந்த சில குடும்பங்களின் உதவியால், எக்ஸ் குரோமோசோமின் நுனிப் பகுதிவரை தேடலைச் சுருக்கினார். பிறகு அந்தப் பகுதியில் உள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். 1999-இல் அவரது ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரூத்தி அமீர், 'மெக்பி2' என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார். முதல் சிறுமியைப் பார்த்து அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மெக்பி2 புரதம் புதியதல்ல. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஏட்ரியன் பேர்ட் அதை 1992-லேயே கண்டறிந்திருந்தார். நம் மரபணுத் தொகுப்பைப் பெரிய நூலாக நினைத்துக்கொண்டால், எந்தப் பக்கத்தை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று முறைப்படுத்தும் பணியில் இந்தப் புரதத்துக்கும் பங்கு உண்டு. மூளையின் நரம்பு செல்களில் இது மிக அதிகம். பழுதானால், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாடு சிறிது சிறிதாக நிலை மாறுகிறது.

பெரும்பாலும் பெண்களுக்கே இது ஏன் வருகிறது? பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். எனவே சில செல்கள் நல்ல மரபணுவையும் சில பழுதானதையும் பயன்படுத்தும். அந்த விகிதத்தைப் பொறுத்தும் நோயின் கடுமை மாறும். ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் பழுது இருந்தால் பாதிப்பு மிகக் கடுமை. பலர் சிசுப் பருவத்தையே தாண்டுவதில்லை.

குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு

2004-இல் ஹுதாவின் குழு எலிகளில் மெக்பி2 புரதத்தை இரு மடங்காக்கிப் பார்த்தது. அந்த எலிகளும் கடுமையாக நோயுற்றன. அடுத்த ஆண்டே, இந்த மரபணு இரட்டிப்பாக உள்ள சிறுவர்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும் வலிப்பும் வருவதை மருத்துவர்கள் அறிவித்தனர். குழம்பில் உப்பைப் போல, இந்தப் புரதம் குறைந்தாலும் கூடினாலும் மூளை தாங்குவதில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் வந்தன. 2007-இல் ஏட்ரியன் பேர்டின் குழு, ரெட் நோய் முற்றிய எலிகளில் அந்த மரபணுவை மீண்டும் இயங்கவைத்தது. எலிகள் பெருமளவு நலமடைந்தன. இந்நோயில் நரம்பு செல்கள் அழிவதில்லை, வேலை செய்ய முடியாமல் நிற்கின்றன என்பது இதனால் உறுதியானது. 2015-இல் ஹுதாவின் குழு, கூடுதல் புரதம் உள்ள எலிகளில் அதன் அளவைக் குறைத்து அறிகுறிகளை மாற்றிக் காட்டியது.

எலியில் நடந்தது மனிதரில் நடக்க நாளாகும். 2023 மார்ச்சில் டிரோஃபினெடைட் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. ரெட் நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. சில அறிகுறிகளைக் குறைக்கிறது; நோயைக் குணப்படுத்துவதில்லை. நல்ல மரபணுவைச் செலுத்தும் சிகிச்சையும் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது. அங்கும் பெரிய சவால் அளவுதான். ஒரு செல்லுக்குள் தேவைக்கு மேல் சென்றால் மற்றொரு நோயை உண்டாக்கிவிடும்.

தள்ளாட்ட நோயிலும் ரெட் நோயிலும் ஹுதா செய்த பணிகளுக்காக 2016-இல் ஷா பரிசு, 2017-இல் பிரேக்த்ரூ பரிசு, 2022-இல் காவ்லி பரிசு ஆகியவை அவருக்கு வழங்கப்பட்டன.

பெற்றோர் அறிய வேண்டியவை

இந்த ஆய்வு நம் குடும்பங்களுக்குச் சொல்லும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நன்றாக இருந்த குழந்தை பின்னோக்கிப் போகும்போது, வீட்டில் முதலில் தேடப்படுவது குற்றவாளிதான். கர்ப்பகாலத்தில் உம்மா எதையோ சாப்பிட்டாள், கண்ணேறு பட்டது, தடுப்பூசி போட்டதால் வந்தது என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அந்தப் பழி தாயின் தலையில்தான் விழும். ரெட் நோயில் மரபணுப் பிழை குழந்தை பிறக்கும் முன்பே ஏற்பட்டுவிட்டது. பெரும்பாலும் அது பெற்றோரிடம் இல்லாமல் புதிதாக ஏற்பட்ட பிழை. தாயின் உணவோ, வளர்ப்போ, ஊசியோ இதற்குக் காரணம் அல்ல.

குழந்தை பேசிய சொல்லை மறந்தாலோ, கைகளைப் பயன்படுத்துவதை நிறுத்தினாலோ, "போகப்போகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனை மூலம் மெக்பி2 மரபணுவைச் சோதிக்க முடியும். அடுத்த குழந்தையைப் பற்றிய அச்சம் இருந்தால் மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். நோய் உறுதியானாலும், வலிப்புக்கு மருந்து, இயன்முறைப் பயிற்சி, உணவு ஊட்டும் முறை, கண் பார்வையால் கருத்தைத் தெரிவிக்கும் கருவி என்று செய்வதற்கு நிறைய இருக்கிறது. பேச முடியாத இந்தச் சிறுமிகள் பலரும் பார்வையாலேயே உறவாடுகிறார்கள். அவர்களுக்குப் புரிகிறது என்ற எண்ணத்தோடு அவர்களிடம் பேசுங்கள்.