அடிவயிற்று மடிப்பு: பெரம்பலூர், அரியலூர்ப் பெண்களும் உடற்சீரமைப்பு அறுவையின் வரலாறும்

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம். வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும். அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், செந்துறை பக்கம் முந்திரி. பயிர் எதுவானாலும் களையெடுப்பு, பிடுங்கல், தாள் அறுப்பு, கொட்டை பொறுக்கல் என்று குனிந்தும் குத்துக்காலிட்டும் செய்கிற வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. இரண்டு பிள்ளை பெற்று, அதில் ஒன்றோ இரண்டுமோ சிசேரியனாகி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்து, பத்தாண்டில் உடம்பும் பெருத்துவிட்ட ஒருத்திக்கு அடிவயிறு மடிந்து தொடைமேல் தொங்குகிறது. சித்திரை வெயிலில் அந்த மடிப்புக்குள் வேர்வை தேங்கும். தோல் சிவந்து, வெந்து, நீர் கசிந்து நாற்றமெடுக்கும். பவுடர் போடுவார்கள், தேங்காயெண்ணெய் தடவுவார்கள், பழைய புடவைத் துணியை மடித்து இடையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். இதை ஒரு நோயாக எண்ணி ஆஸ்பத்திரிப் படியேறுகிறவர்கள் குறைவு. தொப்புளருகே ஒரு கட்டி புடைத்து, இருமும்போது வலியெடுத்த பிறகுதான் பெரும்பாலோர் போகிறார்கள். அங்கே சீட்டில் எழுதப்படுவது குடலிறக்கம்.

தொங்கும் வயிற்றை அறுத்துச் சீராக்கும் சிகிச்சை பிறந்ததே குடலிறக்கத்தோடு வந்தவர்களிடமும், தம் உடலின் பாரத்தைத் தாமே சுமக்க முடியாமல் தவித்தவர்களிடமும்தான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அழகுச் சிகிச்சை என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட பிறகு, காப்பீட்டு விதிகளும் ஆஸ்பத்திரி வழக்கங்களும் அந்தப் பெயரைக் காட்டியே ஏழைப் பெண்ணைத் திருப்பி அனுப்பின.

பிரான்சில் 1890இல் தெமார், மார்க்ஸ் என்ற இருவர் வயிற்றின் மிகுதித் தோலையும் கொழுப்பையும் அகற்றியதாகப் பதிவுசெய்தார்கள். 1899இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் மருத்துவ வல்லுநர் ஹோவர்ட் கெல்லி ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து குறுக்குவாட்டில் அறுத்தெடுத்த சதையின் எடை 7,450 கிராம். நீளம் 90 சென்டிமீட்டர். இதைச் செய்தவர் மகளிர் மருத்துவர் என்பது கவனத்துக்குரியது. பிள்ளை பெற்ற வயிறு தினமும் அவர் கண்முன் இருந்தது. ஆறாண்டு கழித்து, 1905இல், கோதே, மோரெஸ்தென் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் பெரிய தொப்புள் குடலிறக்கங்களை மூடும்போதே உபரித் தோலையும் கொழுப்பையும் எடுத்தார்கள், தொப்புளையும் காப்பாற்றினார்கள். அதாவது குடலிறக்கமும் மடிப்பும் ஒரே மேசையில், ஒரே மயக்கத்தில் தீர்க்கப்பட்டன. நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே செய்த அந்தக் காரியம்தான் இன்று அரியலூர்ப் பெண்ணுக்கும் தேவைப்படுகிறது.

1924இல் சிகாகோவின் மேக்ஸ் தோரெக் தொப்புளைக் காக்கும் முறையை விரிவாக்கினார். 1957இல் வெர்னன் தொப்புளைச் சுற்றி அறுத்து, கீழிழுத்த தோலில் புது இடத்தில் பொருத்தும் முறையை எழுதினார். பிரேசிலின் இவோ பிதாங்கி 1967இல் தொடர்ச்சியான 300 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகுதான் இது உலகெங்கும் ஓர் அழகியல் அறுவையாக நிலைபெற்றது. ரியோ நகரத்தின் கடற்கரையும் நீச்சலுடையும் அறுவைக் கோட்டை உள்ளாடைக்குள் மறையும்படி கீழே கொண்டுபோயின. தழும்பு எங்கே விழவேண்டும் என்ற கேள்வி, தசை எப்படி இருக்கிறது என்ற கேள்வியை முந்திக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான்.

இன்று இந்த அறுவை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நோயாளியை நிற்கவைத்து மையால் கோடு போடுவது முதல் வேலை. படுத்துவிட்டால் மடிப்பு இருக்கிற இடம் தெரியாது. பிறகு இடுப்பெலும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, சிசேரியன் தழும்பையும் சேர்த்து எடுக்கும்படி, கீழ்வளைவாக அறுக்கிறார்கள். தோலையும் கொழுப்பையும் தசையுறையிலிருந்து பிரித்து விலா விளிம்புவரை தூக்குகிறார்கள். அங்கே தெரிவதுதான் முக்கியம்: நடுவயிற்றில் நெட்டுக்குத்தாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகள். கர்ப்பத்தில் அவை விலகுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் நெருங்கிவிடுகின்றன, சிலருக்கு நெருங்குவதில்லை. அந்த இடைவெளியை மார்பெலும்பின் அடியிலிருந்து அடிவயிறுவரை உறுதியான நூலால் இழுத்துத் தைக்கிறார்கள். குடலிறக்கம் இருந்தால் அப்போதே மூடி, தேவைப்பட்டால் வலையும் வைக்கிறார்கள். கடைசியில்தான் தோலைக் கீழிழுத்து, மிஞ்சுவதை வெட்டி, தொப்புளுக்கு வழிவிட்டுத் தைப்பது. நீர் வடிய ரப்பர் குழாய்கள், சில வாரங்களுக்கு இறுக்கமான வயிற்றுக்கச்சை, முதல் சில நாள் கூன்போட்ட நடை.

கொழுப்பு உறிஞ்சும் முறையின் கதை வேறு. 1920களில் பாரிசில் துஜாரியே ஒரு நடனப் பெண்ணின் காலில் கொழுப்பைச் சுரண்டி எடுக்கப்போய், கால் அழுகி, அதை வெட்டவேண்டியதாயிற்று. அதன்பின் நெடுங்காலம் பெரும்பாலோர் அந்தப் பக்கம் துணிந்து போகவில்லை. 1970களின் நடுவில் ரோமில் ஃபிஷரும், பாரிசில் இலூஸும் குழாயால் உறிஞ்சும் முறையைக் கண்டார்கள். 1987இல் கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி கிளைன், மரப்பு மருந்து கலந்த நீரை நிறையச் செலுத்திவிட்டு உறிஞ்சும் வழியை எழுதினார். விளம்பரங்களில் அதிகம் தெரிவது இதுதான். ஆனால் இது கொழுப்பை எடுக்கும். தொங்கும் தோலையும் விலகிய தசையையும் ஒன்றும் செய்யாது. பிள்ளை பெற்ற வயிற்றுக்கு இதை மட்டும் செய்துகொண்டு ஏமாந்தவர்களின் மனக்குறையை அறுவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

எடை இழந்தவர்களின் உடல் மூன்றாவது பாதை. 1966இல் மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கியபின், நாற்பது ஐம்பது கிலோ இழந்தவர்கள் உருவானார்கள். அவர்களுக்குத் தோல் வயிற்றில் மட்டுமல்ல, முதுகு, தொடை, புஜம், மார்பு எங்கும் தொங்கியது. மெக்சிகோவின் கொன்சாலெஸ் உல்லோவா 1960இலேயே இடுப்பைச் சுற்றிலும் அரைஞாண் போல அறுக்கும் முறையை எழுதியிருந்தார். 1985இல் டெல்லன் நெட்டாகவும் குறுக்காகவும் சேர்த்து அறுக்கும் வழியைச் சொன்னார். 1990களில் லாக்வுட் தோலுக்கடியில் உள்ள உறையைத் தாங்கித் தைக்கும் உத்தியால் இடுப்பு, தொடை, பிட்டம் மூன்றையும் ஒன்றாகத் தூக்கினார். புஜத் தோல் குறைப்பு, தொடைத் தோல் தூக்கல், மார்பகம் தூக்கல் அல்லது குறைத்தல் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தமிழகத்தில் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) நடந்துவந்த பாதை இதிலிருந்து முற்றிலும் வேறானது. இந்தியாவில் மூக்கறுபட்டவருக்கு நெற்றித்தோலால் மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியாகி, 1814இல் ஆங்கில அறுவை மருத்துவர் கார்ப்யூ அதைப் பின்பற்றினார் என்பது பலரும் அறிந்தது. இருபதாம் நூற்றாண்டில் இங்கே இத்துறை வளர்ந்தது கைகளின்மீதும் தீக்காயத்தின்மீதும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். சென்னை ஸ்டான்லியில் 1971இல் ஆர். வெங்கடசாமி கைகளுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அடுப்பு வெடித்தும், தீ வைத்தும் வெந்துபோன எத்தனையோ பெண்கள் படுத்திருந்தார்கள். ஜூலை 15ஐ ஒட்டறுவை நாளாக 2011இல் தொடங்கிவைத்த கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசபாபதியும் கையறுவைக்குப் பேர்போனவர். உழைக்கும் கையையும் வெந்த தோலையும் முதலில் பார்த்த இந்த மரபு பெருமைக்குரியது. அதன் மறுபக்கமும் உண்டு. பிரசவித்த வயிறு அந்த வரிசையில் இடம்பெறவில்லை. அது ‘வசதி உள்ளவர்கள் பணம் கட்டிச் செய்துகொள்வது’ என்று தனியார் மருத்துவமனைகளின் கணக்கில் சேர்ந்தது.

நம் வீடுகளில் அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டது மருத்துவச்சியும் மாமியாரும். வெந்நீர் ஊற்றி, நைந்த நூல்புடவையை இரண்டாகக் கிழித்து அடிவயிற்றிலிருந்து மேலாக இறுக்கிக் கட்டி, பத்தியச் சோறும் லேகியமும் கொடுப்பார்கள். வயிறு கட்டுவது நிற்கவும் நடக்கவும் தாங்கலாக இருக்கிறது, வலியைக் குறைக்கிறது என்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் விலகிய தசையைத் துணிக்கட்டு ஒட்டவைத்துவிடாது. ‘அம்மா கட்டிவிடவில்லை, அதான் வயிறு போட்டுவிட்டது’ என்று பெற்றவளையும் பிள்ளை பெற்றவளையும் சேர்த்துக் குற்றம் சொல்லும் பேச்சு இன்னும் ஓயவில்லை. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

இதற்கிடையில் பெண்களின் உடலே மாறிவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள பெண்கள் 2005-06இல் 20.9 விழுக்காடு, 2015-16இல் 30.9, 2019-21இல் 40.4. சிசேரியன் பிரசவமும் 2015-16இல் 34.1 விழுக்காடாக இருந்து 44.9க்கு ஏறிவிட்டது. வயிற்றுச் சுவரில் கத்தி பட்டவர்கள் கூடுகிறார்கள். அந்தச் சுவர் தாங்கவேண்டிய எடையும் கூடுகிறது. தையல் விட்டு அங்கே குடலிறக்கம் வருவதில் வியப்பில்லை.

இவர்கள் சிகிச்சைக்குப் போகும் வழியும் மாறியது. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. பெரிய சிகிச்சை என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுவதே நெடுங்காலப் பழக்கம். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி வந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று மற்ற பத்துக் கல்லூரிகளோடு திறக்கப்பட்டது. வட்டாரத்துக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி என்ற நிலை இந்தத் தலைமுறையில் கிடைத்தது.

2018 பிப்ரவரியில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்யும் பிரிவு தொடங்கியபோது, அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார். இங்கே செய்யாவிட்டால் அவர்கள் கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ செய்துகொள்வார்கள் என்பது அவர் தரப்பு. மக்கள் பணத்தை உயிர்காக்கும் சிகிச்சைக்குத்தான் செலவிடவேண்டும் என்ற எதிர்க்குரல் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தவர்களிடமிருந்தே வந்தது. என் பார்வையில் அமைச்சர் கேட்ட கேள்வி சரி. ஆனால் அழகு என்று ஒத்துக்கொண்டு கேட்டதில் வாதத்தின் வலுவான பாதி விட்டுப்போனது. பெருமார்பின் பாரத்தால் கழுத்தும் தோளும் நோகிறவளும், மடிப்புப் புண்ணோடு குத்துக்காலிடுகிறவளும் அழகு கேட்டு வரவில்லை. திருநங்கையருக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை செய்யத் துணிந்த மாநிலம் இது. உடலமைப்பும் சிகிச்சைக்கு உரிய காரணம் என்பதை நாம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

காப்பீட்டில் இந்த முரண் இன்னும் பட்டவர்த்தனம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளின்படி, உடல் நிறை எண் 40ஐத் தொட்டாலோ, கடும் துணைநோய்களோடு 35ஐத் தொட்டாலோ எடைக்குறைப்பு அறுவைக்கு இடமுண்டு. அதே விதிகளில் ஒட்டறுவை விலக்கப்படுகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்குவதாக மருத்துவர் சான்றளிப்பதும் மட்டும் விதிவிலக்கு. இரைப்பையைச் சுருக்கப் பணம் கிடைக்கும், சுருங்கியதால் தொங்கும் தோலுக்குக் கிடைக்காது. ஆகவேதான் மருத்துவர் சீட்டில் என்ன எழுதுகிறார் என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிறது. குடலிறக்கத்தை மட்டும் எழுதி மடிப்புப் புண்ணை எழுதாமல் விட்டால், அந்தப் பெண்ணின் பாதி நோய் பதிவேட்டிலேயே இல்லை.

அறுவை எல்லாருக்கும் வேண்டும் என்பதல்ல இந்த வாதம். நீர்கோத்தல், தையல் பிரிதல், தோல் கருகுதல், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுதல் ஆகியவை உண்மையான ஆபத்துகள். சர்க்கரை நோயும் புகையிலையும் அவற்றைக் கூட்டும். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் அறுவையைத் தள்ளிப்போடவேண்டும். எடைக்குறைப்பு அறுவை செய்தவர்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டு காத்திருந்து எடை நிலைத்தபின், புரதமும் இரும்புச்சத்தும் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். அறுவைக்குப் பின் ஆறு வாரம் குடம் தூக்கக்கூடாது என்ற ஒரு வரி, கூலிவேலைக்காரிக்கு ஆறு வாரச் சம்பள இழப்பு. அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்று பேசாமல் இலவச அறுவை என்று மட்டும் அறிவித்தால் படுக்கை காலியாகவே கிடக்கும்.

செய்யக்கூடியது இன்னொன்று உண்டு, செலவும் அதிகமில்லை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். தசை தானாக நெருங்கவேண்டிய காலம் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் செவிலியர் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுகிறதா என்பது தெரிந்துவிடும். பள்ளம் விழுந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரிடம் வயிற்றுத் தசைப் பயிற்சிக்கு அனுப்பலாம். பயிற்சியிலும் நெருங்காத தசை, புடைத்த தொப்புள், ஆறாத மடிப்புப் புண் மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி அரியலூர் மருத்துவக் கல்லூரியின் அறுவைப் பிரிவுக்கு அனுப்பலாம்.