கட்டுமான விற்பனை மேலாண்மை

கட்டுமான விற்பனை மேலாண்மை என்பது அடுக்குமாடி வீடு, வணிகக் கட்டடம் முதலியவற்றின் விற்பனைக் குழு, ஒப்பந்தம், தவணை வசூல், ஒப்படைப்பு ஆகியவற்றை நடத்தும் தொழிற்பணி. பெரும்பாலும் கட்டி முடியாத வீடே விற்கப்படுவதால், வரைபடம் படித்தலும் வேலை நிலைகளை அறிந்து தவணைகளை அவற்றோடு பொருத்துதலும் இதன் முதன்மைத் திறன்கள். பேச்சுத்திறன் அவற்றுக்குப் பின்னரே வரும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இப்பணியின் இயல்பையே மாற்றியது. பதிவுக்கு உட்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யுமுன் விளம்பரப்படுத்தக் கூடாது; ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பெறக் கூடாது; வசூலில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எனவே சட்ட அறிவும் கணக்கறிவும் மேலாளருக்குக் கட்டாயமாயின. வெளிச்சுவர் நீங்கிய கார்பெட் ஏரியாவுக்கும் பொதுப்பகுதி சேர்ந்த பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்காமல் விளக்குவது இதில் மிக முக்கியமானது.

தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் பிரிபடாத பங்கு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி ஆகியவற்றில் தேர்ச்சியும் தேவை.

மேற்சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதால், விற்பனைப் பொறுப்பு சாவி கொடுப்பதோடு முடிவதில்லை.