‘தபேர்’: ஓர் ஏவல் வினையின் வரலாறு

எபிரேயத்தில் பேசுதலைக் குறிக்கும் வினை த், ப், ர் என்னும் மூன்று மெய்களை வேராகக் கொண்டது. தமிழ் வினை பெரும்பாலும் பகுதியை மாற்றாமல் இடைநிலையையும் விகுதியையும் பின்னே ஏற்றுக்கொள்ள, எபிரேய வினையோ இம்மெய்களுக்கு இடையே உயிர்களை மாற்றியும் முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்த்தும் காலத்தையும் இடத்தையும் உணர்த்துகிறது. ‘திபர்த்தி’ என்றால் பேசினேன். ‘அதபேர்’ என்றால் பேசுவேன். நிகழ்காலத்தில் ஆண் ‘அனி மெதபேர்’ என்றும் பெண் ‘அனி மெதபெரெத்’ என்றும் சொல்ல வேண்டியிருப்பதால், ‘பேசுகிறேன்’ இருபாலுக்கும் பொதுவாக நிற்கும் தமிழிலிருந்து செல்பவர் தடுமாறக்கூடிய இடம் இதுவே.

இவ்வடிவங்கள் ஒரே காலத்தில் அமைந்தவை அல்ல. இன்று ‘பேசினான்’, ‘பேசுவான்’ எனப் பொருள்படும் ‘திபேர்’, ‘யெதபேர்’ ஆகியவை எபிரேய விவிலியத்தில் காலத்தைவிடச் செயல் முற்றியதா முற்றாததா என்பதையே மிகுதியும் காட்டின. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்டபோது, ‘மெதபேர்’ போன்ற எச்ச வடிவங்கள் நிகழ்காலத்துக்கு உரியனவாகியிருந்தன. அதன்பின் எபிரேயம் வீட்டுமொழியாக இல்லாமல், வழிபாட்டிலும் ஏட்டிலும் நிலைத்தது.

அதை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமையை 1881-இல் பாலஸ்தீனத்துக்கு வந்து, மறு ஆண்டில் பிறந்த மகனை எபிரேயம் மட்டுமே கேட்கும்படி வளர்த்த எலியேசர் பென் யெஹூதா ஒருவருக்கே அளிப்பது வழக்கம். அது சற்று மிகையே. பல நாட்டு யூதர் கூடிய ஜெருசலேம் சந்தையில் எபிரேயம் முன்பே ஓரளவு இணைப்புமொழியாக இருந்தது. அதை நிலைநிறுத்தியவர்களோ, ரிஷோன் லெசியோனில் 1886-இல் தொடங்கியது போன்ற பள்ளிகளின் ஆசிரியர்கள். எனினும் 1896-இல்கூட, அம்மொழியில் ரயில் சீட்டுக் கேட்கத் தெரிந்தவர் யார் என்று, யூதருக்குத் தனி நாடு வேண்டும் என வாதிட்ட தியோடோர் ஹெர்சல் ஐயுற்றார்.

1922-இல் பாலஸ்தீனத்தின் பிரித்தானிய ஆட்சி எபிரேயத்தை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. மறு ஆண்டில் டெல் அவிவின் ஹெர்சலியா பள்ளி மாணவர்கள் மொழிக் காப்புப் படை ஒன்றைத் தொடங்கி, கிழக்கு ஐரோப்பிய யூதரின் தாய்மொழியான யித்திஷ் பேசுவோரைத் தெருவில் கண்டித்தனர். ‘இவ்ரி, தபேர் இவ்ரித்’, அதாவது ‘எபிரேயனே, எபிரேயம் பேசு’ என்பது அவர்கள் முழக்கம். 1930-இல் யித்திஷ் திரைப்படம் ஒன்றின் காட்சியும் அவர்களது எதிர்ப்பால் குலைந்தது. ஒரு மொழியைக் காக்கப் புறப்பட்டவர்கள், தம் பெற்றோர் தலைமுறையின் மொழிமீதே பாய்ந்தனர்.

பேசு என்று ஏவியவர்கள் எப்படிப் பேசுவது என்பதை ஆள முடியவில்லை. ஏவல் வடிவமான ‘தபேர்’ இன்றும் வழங்கினாலும், அன்றாடப் பேச்சில் ‘பேசுவாய்’ என்னும் எதிர்கால வடிவமான ‘தெதபேர்’ ஏவலாகவும் நிற்கிறது. ‘பேசாதே’ என்பதற்கோ ‘அல் தெதபேர்’ என்னும் எதிர்கால வடிவமே உண்டு. பெண்பாற் பன்மைக்குரிய ‘தெதபெர்னா’ பேச்சில் ஏறத்தாழ மறைந்து, ஆண்பாற் பன்மையான ‘தெதப்ரு’ இரண்டுக்கும் பொதுவாயிற்று. 1953-இல் சட்டப்படி அமைந்த எபிரேய மொழி அகாதமி இலக்கண நெறிகளை வகுத்துவந்தாலும், ‘பேசுவேன்’ என்பதற்கு ‘அனி அதபேர்’ என்னாமல், ‘அவன் பேசுவான்’ என்பதற்குரிய வடிவத்தை எடுத்து ‘அனி யெதபேர்’ என்போர் இன்றும் பலர்.