சிறுவருவாயும் அயல்வாழ்வும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் வழி ஒரு வரலாற்று நோக்கு

பொருள்வயிற் பிரிவு தமிழிலக்கணம் நன்கறிந்த பிரிவு. ஈட்டுவதற்காகச் சுரம் கடந்தவனையும், அவன் வரும் நாளை எண்ணியிருந்தவளையும் பாலைத்திணை பலபடப் பேசியுள்ளது. ஆனால் ஈட்டுவதற்காக அன்றி, கையில் எஞ்சிய சிறுபொருள் நெடுநாள் வரவேண்டும் என்பதற்காகவே ஒருவர் தம் நாட்டை விட்டுப் பிறநாட்டில் குடியேறும் பிரிவுக்கு நம் அகமரபில் துறை வகுக்கப்படவில்லை. ஐரோப்பாவிலோ இப்பிரிவு ஒரு நூற்றாண்டுக் காலம் பெருவழக்காக இருந்தது. அவ்வாறு சென்றவருள் கவிஞர் பலர். வருவாய் குறைந்தவர் அயல்நாட்டில் வாழத் தலைப்படுவது தகுமா என்னும் வினாவுக்கு அவர்தம் வாழ்வு தரும் விடை ஒன்றல்ல.

1815-இல் வாட்டர்லூப் போர் முடிந்து கால்வாயின் இருகரையும் அமைதி கண்டபோது, இங்கிலாந்தில் விலைவாசி உயர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய தானியச் சட்டம் அயல்நாட்டுக் கோதுமையைத் தடுத்து உள்நாட்டு நிலக்கிழார்க்கு நலம் செய்தது. விலைக்கு வாங்கி உண்பவர்க்கு அது நலம் செய்யவில்லை. போரினின்று விடுபட்ட படைத்தலைவர் பலர் அரை ஊதியத்தில் காலம் கழிக்க வேண்டியவராயினர். பிரான்சிலோ ஒரு பவுண்டு ஏறத்தாழ 25 பிராங்காக மாறியது. வாடகையும் பணியாளர் கூலியும் மலிவு. இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு; அதனைப் பலர் வெளிப்படச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் கடன்பட்டவனைச் சிறையிலிடும் வழக்கம் 1869-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நடைமுறையில் இருந்தது. கடன்கொடுத்தவன் கைக்கு எட்டாத மிக அண்மை ஊர் கலே. அதற்கடுத்தது புலோன். இவ்விரு துறைமுகங்களும் ஆங்கிலக் கடனாளிகளின் புகலிடமென நாவல்களில் நகையாடப்படும் அளவுக்குப் பேர்பெற்றன.

இதற்கு முந்தைய தலைமுறையினருக்கு இருந்த இடர் ஒன்றை இங்கே நினைத்தல் தகும். பிரெஞ்சு மன்னராட்சியில் 'ஓபேன் உரிமை' என்றொரு வழக்கு நிலவியது. அந்நாட்டில் இறந்துபட்ட அயலானின் உடைமை, உறவினரைச் சேராது அரசனைச் சேரும். நீஸ் நகரில் உடல்நலம் தேடித் தங்கிய ஸ்மாலெட் அதனைக் கடிந்து எழுதினார். லாரன்ஸ் ஸ்டெர்ன் 1768-இல் வெளியிட்ட பயண நூலின் தொடக்கத்திலேயே அதனை எள்ளி நகையாடினார். 1790-இல் புரட்சி மன்றம் நீக்கிய அவ்வழக்கு, நெப்போலியனின் சட்டத்தொகுப்பில் வேறுருவில் மீண்டு, 1819-இல்தான் முற்றாக ஒழிந்தது. அயலூரில் எவ்வாறு வாழ்வது என்று கணக்கிட்டவர் பலர்; அங்கே இறந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டவர் மிகச் சிலரே.

கலே நகருக்கு ஓடிவந்தோருள் புகழ்மிக்கவர் ஜார்ஜ் பிரம்மல். இளவரசரின் நண்பராய், இலண்டன் மேட்டுக்குடியினரின் உடைக்கே இலக்கணம் வகுத்தவராய் விளங்கிய அவர், சூதாட்டக் கடன் முற்றி 1816 மே மாதத்தில் இரவோடு இரவாகக் கால்வாயைக் கடந்தார். மலிவான ஊருக்கு வந்தவர் தம் வழக்கங்களையும் உடன்கொண்டு வந்தார். பதினான்கு ஆண்டுகள் கலேயிலும் கடன் வாங்கியே வாழ்ந்தார். 1830-இல் கான் நகரில் பிரிட்டிஷ் துணைத்தூதர் பதவி கிடைத்தபோது அவ்வூதியத்தின் பெரும்பகுதி கலே கடன்காரருக்கு முன்னரே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. இதைவிட உயர்ந்த பதவி வரும் என்னும் நம்பிக்கையில், இவ்வூருக்குத் துணைத்தூதரே தேவையில்லை என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அதனை ஏற்றுப் பதவியை நீக்கியது. வேறு பதவி வரவில்லை. 1835-இல் அவர் பிரெஞ்சுச் சிறையில் கடனாளியாக அடைக்கப்பட்டார். நண்பர்கள் மீட்டனர். 1840-இல் அறிவு மயங்கிக் கான் நகர மனநோய் விடுதியில் உயிர்நீத்தார். கடன்சிறைக்கு அஞ்சி நாடு விட்டவர்க்கு அயல்நாட்டிலும் கடன்சிறை உண்டு என்பது தெரிந்திருக்கவில்லை போலும்.

அதே கலேயின் புறநகரில், பிரம்மலை அறியாத வேறோர் ஆங்கிலக் கூட்டமும் வாழ்ந்தது. நாட்டிங்காம் பகுதியிலிருந்து பின்னல் எந்திரங்களோடு வந்து குடியேறிய சரிகைத் தொழிலாளர் அவர்கள். உழைத்தார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள், கடனின்றி வாழ்ந்தார்கள். 1848 பிப்ரவரிப் புரட்சியில் ஆலைகள் நின்றன. அயலாரை வெளியேற்றுக என்னும் கூக்குரல் எழுந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பினால் ஏழையர் விடுதிதான் கதி என்பதை உணர்ந்த அவர்கள், தங்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புமாறு பிரிட்டிஷ் அரசிடம் விண்ணப்பித்தனர். அவ்வாண்டில் மூன்று கப்பல்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் அடிலெய்டுக்கும் சிட்னிக்கும் பயணமாயினர். இவர்களிடம் எக்குற்றமும் இல்லை. சிக்கனமும் நேர்மையும் அயல்வாழ்வுக்குப் போதுமான காவல் என்று கூறுவோர் இவர்களை மறந்துவிடலாகாது.

கவிஞர் வரிசையில் முதலில் எண்ணத்தக்கவர் ஜான் கீட்ஸ். 1820-இல் காசநோய் முற்றிய நிலையில், அடுத்த குளிர்காலத்தை இங்கிலாந்தில் கழித்தால் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் கூறினர். கையில் பணமில்லை. தம்பி ஜார்ஜ் 1818-இலேயே அமெரிக்காவில் குடியேறி, தொழிலில் இழந்து, 1820 தொடக்கத்தில் ஒருமுறை வந்து குடும்பப் பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டு சென்றிருந்தார். பதிப்பாளர் டெய்லர் நூல்களின் பதிப்புரிமையை விலைக்கு வாங்கிய வகையிலும், ரோமில் பெற்றுக்கொள்ளத்தக்க கடன்சீட்டு வழங்கிய வகையிலும் பயணம் கைகூடியது. துணைக்கு வந்தவர் இளம் ஓவியர் ஜோசப் செவர்ன். அவரிடமும் பணமில்லை.

செப்டம்பரில் தேம்ஸை நீங்கிய சிறு கப்பல் அக்டோபர் 21-இல் நேப்பிள்ஸை அடைந்தது. நோய்த்தடைக் காவலில் பத்து நாள் கடலிலேயே நிறுத்தப்பட்டனர். கரையில் கால் வைத்த அக்டோபர் 31 கீட்ஸின் இருபத்தைந்தாம் பிறந்தநாள். நவம்பர் நடுவில் ரோமை அடைந்து ஸ்பானியச் சதுக்கத்தின் படிகளை ஒட்டிய வீட்டில் அறைகள் அமர்த்தினர். உணவு அருகிலிருந்த உணவகத்திலிருந்து வந்தது. அது வாயில் வைக்கத் தகாததாயிருந்ததால், கீட்ஸ் ஒருநாள் தட்டுக்களை ஒவ்வொன்றாகச் சன்னல் வழியே கவிழ்த்துவிட்டுக் கூடையைத் திருப்பித் தந்தார் என்றும், அன்றுமுதல் நல்லுணவு வந்தது என்றும் செவர்ன் எழுதியுள்ளார். மொழியறியாத ஊரில் இதுவும் ஒரு மொழியே!

இவ்வேடிக்கை நீடிக்கவில்லை. டிசம்பரில் குருதி வாந்தி மிகுந்தது. 1821 சனவரியில் வங்கியர் டொர்லோனியா இனிப் பணமில்லை என்று மறுத்த செய்தியைச் செவர்ன் கலங்கியெழுதினார். ஏவலுக்கு ஆளின்றி நெருப்பு மூட்டுவதும், சமைப்பதும், படுக்கை விரிப்பதும், நூல் படித்துக் காட்டுவதும் அவர் ஒருவர் கையே. மருத்துவர் கிளார்க்கும் அவர் மனைவியும் அருகில் இல்லாதிருந்தால் அவ்விருவர் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயுள்ளது. பிப்ரவரி 23-இல் கீட்ஸ் மறைந்தார். கத்தோலிக்கர் அல்லாதார்க்குரிய இடுகாட்டில் பொழுது புலருமுன் அடக்கம் நடந்தது. போப்பரசின் நோய்த்தடுப்பு விதிப்படி அறையிலிருந்த பொருள்கள் எரிக்கப்பட்டன, சுவர்கள் சுரண்டப்பட்டன, அச்செலவு வாடகைக்கிருந்தோர் கணக்கில் எழுதப்பட்டது. மலிவான அறையின் உண்மை விலை இவ்வாறு இறுதியில்தான் தெரிந்தது.

ஆயினும் அதே ரோம் செவர்னை வாழவைத்தது. ஓவியராய் அங்கே 1841 வரை நிலைத்த அவர், 1861-இல் பிரிட்டிஷ் துணைத்தூதராய் மீண்டு வந்து, 1879-இல் அங்கேயே இறந்தார். நண்பரின் கல்லறைக்கு அருகிலேயே அவருக்கும் பின்னர் இடம் அமைந்தது. இளமையும் நல்லுடலும் கைத்தொழிலும் உடையவர்க்கு ஊர் ஒருமுகம் காட்டுகிறது; நோயாளிக்கு மறுமுகம் காட்டுகிறது.

லீ ஹண்ட் கதையைச் சுருங்கச் சொல்லலாம். ஷெல்லியும் பைரனும் அழைக்க, ஓர் இதழ் நடத்தும் எண்ணத்துடன் நோயுற்ற மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் 1822-இல் இத்தாலியை அடைந்தார். அடுத்த சில நாள்களில், சூலை 8-இல், ஷெல்லி கடலில் மூழ்கினார். இதழ் நான்கு வெளியீடுகளோடு நின்றது. 1823-இல் பைரன் கிரேக்கத்துக்குப் புறப்பட்டார். திரும்பிச் செல்லவும் வழிச்செலவு இன்றி ஹண்ட் புளோரன்ஸ் பகுதியில் 1825 வரை கிடந்தார். பதிப்பாளர் ஒருவர் தந்த முன்பணம் அவரை ஊர் சேர்த்தது. அம்முன்பணத்துக்காக எழுதிய நூலில் அவர் பைரனைப் பழித்தார் என்று அந்நாளில் பலர் வெகுண்டனர். தம் செலவிற்குப் பிறர் செல்வத்தை நம்பி எண்மர் கடல்கடந்ததே பிழை. பைரனின் குணக்குறைகள் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கன.

இதற்கு நேர்மாறான வாழ்வு பிரௌனிங் இணையருடையது. எலிசபெத் பாரெட் நாற்பது வயது நோயாளி. தந்தையின் ஒப்புதலின்றி 1846 செப்டம்பரில் இராபர்ட் பிரௌனிங்கை மணந்து இத்தாலிக்குப் புறப்பட்டார். இராபர்ட்டுக்கு நூல் வருவாய் இல்லை எனலாம். வழிச்செலவுக்குத் தம் தந்தையிடம் 100 பவுண்டு கடன் வாங்கினார். எலிசபெத்துக்கு மரபுரிமையாக ஆண்டுதோறும் வந்த சில நூறு பவுண்டுகளே குடும்பத்தின் முதல். அது இலண்டனில் ஒடுங்கி வாழப் போதும். புளோரன்சில், 'காசா குவீதி' என்னும் மாளிகையின் ஒரு தளத்தில், பெரிய அறைகள் ஆறும் சமையலறையும் மேல்மாடமும் 1848-இல் ஆண்டுக்கு 25 கினி வாடகைக்குக் கிடைத்தன. தட்டுமுட்டுப் பொருள்களைப் பழைய கடைகளில் தேடி வாங்கினர். உணவு இவர்களுக்கும் முதலில் உணவகத்திலிருந்தே வந்தது; ஆனால் சன்னல் வழியே கவிழ்க்க வேண்டிய தேவை நேரவில்லை.

இவர்கள் வாழ்வு நிலைபெற்றதற்குக் காரணம் மலிவு மட்டுமன்று. வருவாய் சிறிதெனினும் தவறாமல் வந்தது. இராபர்ட் கடன் என்றால் நடுங்குபவர். 1849-இல் மகன் பிறந்தபின் உறவினர் ஜான் கென்யன் ஆண்டுக்கு 100 பவுண்டு வழங்கினார். 1856-இல் அவர் இறந்தபோது இருவருக்குமாக 11,000 பவுண்டு எழுதி வைத்திருந்தார். அதன்பின்னரே பணக்கவலை நீங்கியது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளைச் சிக்கனமே காத்தது என்பது உண்மையாயினும், கென்யனை விடுத்து அச்சிக்கனத்தை மட்டும் புகழ்வது முறையாகாது.

கவிதைக்கு அந்நகர் செய்த கொடையோ அளவிடற்கரியது. வீட்டுச் சன்னலில் நின்று கண்ட விடுதலை ஊர்வலம் எலிசபெத்தின் 1851-ஆம் ஆண்டு நூலுக்குக் கருவாயிற்று. 'அரோரா லீ' காப்பியத்தின் தலைவி, தந்தையின் நூல்களை விற்ற பணத்தில் இத்தாலிக்குச் செல்கிறாள். அவள் இயற்றியவரோ அப்பொருளியலைப் பத்தாண்டு வாழ்ந்தறிந்தவர். 1860-இல் சான் லொரென்சோ சதுக்கத்துப் பழம்பொருள் கடையொன்றில் இராபர்ட் ஒரு லிரா கொடுத்து வாங்கிய பழைய வழக்கேட்டுத் தொகுதியே பின்னர் அவருடைய பெருங்காப்பியமாக விரிந்தது. உலக இலக்கியத்தில் இதனினும் மலிவாக மூலநூல் பெற்ற கவிஞர் உளரோ?

எலிசபெத் 1861 சூன் 29-இல் காசா குவீதியிலேயே உயிர்நீத்தார். இராபர்ட் மகனுடன் இலண்டன் சென்றார், புளோரன்சுக்கு மீளவேயில்லை. மனைவியின்றி அவ்வூர் அவருக்கு ஊராக இருக்கவில்லை. 1865-இல் புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராயிற்று. அதிகாரிகளும் அலுவலகங்களும் வந்து குவிய வாடகை ஏறியது. சிறுவருவாயை நம்பி வந்த அயலார்க்கு அவ்வூரின் பழைய மலிவு கனவாயிற்று.

முதுமையில் அயல்வாழ்வு என்பதற்குச் சான்றாக நிற்பவர் வால்டர் சாவேஜ் லாண்டர். ஒருகாலத்தில் செல்வர், சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுத்தவர். அவதூறு வழக்கொன்றில் சிக்கி 1858-இல் இங்கிலாந்தை நீங்கி, பியேசோலேயில் தம் குடும்பத்தார் வாழ்ந்த மாளிகைக்கே வந்தார். அங்கே அவருக்கு இடமில்லாமற்போயிற்று. 1859 கோடையில், எண்பத்து நான்கு வயதில், சில்லறைக் காசுகளோடு புளோரன்ஸ் வீதியில் நின்றவரை இராபர்ட் பிரௌனிங் ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்திலிருந்த உடன்பிறந்தாரிடம் பேசி ஆண்டுக்கு 200 பவுண்டு பெற்று, அதனைத் தாமே கணக்கிட்டுச் செலவிட்டார்.

அம்முதியவரைப் பேணும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது வரலாற்றில் அடிக்குறிப்பாகவே காணப்படுகிறது. எலிசபெத் வில்சன் என்னும் பணிப்பெண் 1846-இல் பிரௌனிங் இணையரோடு இத்தாலிக்கு வந்தவர். அங்கேயே பெர்டினாண்டோ என்னும் இத்தாலியரை மணந்தார். முதற் குழந்தையை 1856-இல் இங்கிலாந்தில் தமக்கையிடம் விட்டுவிட்டு எசமானியோடு திரும்பியவர். பின்னர்ப் புளோரன்சில் வாடகை அறைகள் கொண்ட சிறுவீடு ஒன்றை நடத்தினார். இக்கட்டுரையிற் கூறப்பட்டோர் பலரினும் குறைந்த பொருளோடு அயலில் வாழ்ந்தவர் அவரே. அவருக்குக் கென்யன் போன்ற உறவினர் இல்லை. லாண்டர் அவ்வீட்டில் ஐந்தாண்டுகள் வாழ்ந்து, 1864 செப்டம்பரில் இறந்தார். உணவு பிடிக்காத நாள்களில் அவர் தட்டைத் தரையில் எறிந்து உடைப்பது வழக்கம். வில்சன் துண்டுகளைப் பெருக்கி எடுத்துவிட்டு வேறு தட்டில் பரிமாறினார்.